வடிகால் மேல நடைபாதை: மாதவரம் பக்கத்து ஒரு 40 அடி ரோட்டோட நிகழ்வு ஆய்வு

பின்னணி

மாதவரம், மணலி, திருவொற்றியூர், கத்திவாக்கம் எல்லாம் சென்னை மாநகராட்சிக்குள்ள வந்தது 2011-ல. அதுவரைக்கும் இதெல்லாம் தனி நகராட்சிங்க, நடுநடுவுல மாத்தூர், வடபெரும்பாக்கம் மாதிரி பஞ்சாயத்துங்க. 174 சதுர கிலோமீட்டரா இருந்த மாநகராட்சி 426 ஆச்சு, வார்டு 155-லேர்ந்து 200 ஆச்சு. ரோடு மட்டும் அப்படியே தான் இருந்துச்சு. வயல பிளாட் போட்டு வித்தப்போ சுண்ணாம்புல இழுத்த கோடு, 20 அடி, 24 அடி, நடுவுல மெயினா ஒரு 40 அடி. அப்படி ஒரு 40 அடி ரோட்ட பத்தி தான் இது. தெரு பேரு, ஆளுங்க பேரு எதுவும் போடல, அந்தப் பக்கம் போனா இதே மாதிரி தெரு வரிசையா இருக்கு.

ரோடு வடக்கு தெற்கா போகுது, சுமார் 650 மீட்டர். தெற்கு முனையில கண்டெய்னர் லாரிங்க போற மெயின் ரோடு, வடக்கு முனையில கால்வாய். நடுவுல ஒரு அரசுப் பள்ளி, ரேஷன் கடை, ஒரு அம்மன் கோயில், மளிகைக் கடைங்க, சாயங்காலம் ரேஷன் கடை மூலையில மீன் விக்கிறவங்க. ஸ்மால் பஸ் ஒண்ணு போகும். கிழக்குப் பக்கம் மட்டும் பெரிய மழைநீர் வடிகால், புதுசா கட்டினது, வெளி அகலம் 1.3 மீட்டர்.

2015 வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்த ஏரியா, அதனால யாரு புது வீடு கட்டினாலும் தரைய ரோட்ட விட ரெண்டடி மூணடி தூக்கித் தான் கட்டுறாங்க. பழைய வீடுங்க கதை தலைகீழ். வருஷக்கணக்கா ரோட்ட சுரண்டாம மேல மேல தார் போட்டதுல வீட்டு வாசப்படி ரோட்டுக்குக் கீழ போயிடுச்சு. பழைய தார சுரண்டிட்டு தான் புதுசு போடணும்னு 2021-ல தலைமைச் செயலாளரே உத்தரவு போட்டாரு, ஆனா அதுக்குள்ள ஏறினது ஏறினது தான், அத யாரும் இறக்கித் தரல.

இந்த ரோட்ட நடக்கிறவங்களுக்கு ஏத்த மாதிரி மாத்தணும்னு ஒரு வேலை வந்துச்சு. டிராயிங்கும் எஸ்டிமேட்டும் நாங்க போடணும், கட்டுறது வேற காண்ட்ராக்டர். சென்னைக்கு 2014-லேயே மோட்டார் இல்லாத போக்குவரத்துக்குன்னு தனி கொள்கை இருக்கு, போக்குவரத்து பட்ஜெட்ல குறைஞ்சது 60 சதவீதம் நடக்கிறவங்களுக்கும் சைக்கிளுக்கும் போகணும்னு அதுல எழுதியிருக்கு. அளவுக்கு ஐஆர்சி 103, அதாவது இந்திய ரோடு காங்கிரஸ் நடைபாதைக்குன்னு போட்ட வழிகாட்டி. குடியிருப்பும் கடையும் கலந்த தெருவுல எந்தத் தடையும் இல்லாம 1.8 மீட்டர் நடக்க இடம் வேணும், நடைபாதையோட உயரம் ரோட்டுலேர்ந்து 150 மில்லிமீட்டர தாண்டக் கூடாது. இந்த ரெண்டு நம்பர்ல முதல் நம்பர எல்லாரும் மனப்பாடமா சொல்வாங்க. ரெண்டாவது நம்பர் தான் இந்தத் தெருவுல எல்லாத்தையும் ஆட்டி வச்சுது.

போய்ப் பார்த்தப்போ

காலையில ஸ்கூல் நேரத்துல நின்னா ஒரு விஷயம் பளிச்சுனு தெரியும், பசங்க, அம்மாங்க, பால் வாங்கப் போற பெரியவங்க எல்லாரும் ரோட்டுல தான் நடக்குறாங்க, பக்கத்துல 1.3 மீட்டர் அகலத்துக்கு கான்கிரீட் மூடி போட்ட வடிகால் மேல ஆளே இல்ல. ரோட்டோரத்துலேர்ந்து வடிகாலோட மேல்மட்டம் சில எடத்துல 30 சென்டிமீட்டர், சில எடத்துல 45. ஒரு வீட்டு வாசல்ல நின்னு பார்த்தோம். கேட்டுக்கு முன்னாடி சிமென்ட் சாய்தளம், வடிகால் மேலேர்ந்து ரோட்டுக்குள்ள ஒரு மீட்டர் நீட்டிக்கிட்டு வருது, பக்கத்து வீட்டுல அதே மாதிரி ஆனா இன்னும் உயரமா, அதுக்கு அடுத்த வீட்டுல கடப்பா கல்லுல மூணு படி. மேல ஏறி நடந்தா ஒவ்வொரு வீட்டுக்கும் ஏறி இறங்கணும், ஒரு எடத்துல மூடி உடைஞ்சு கம்பி தெரியுது, ஒரு எடத்துல யாரோ துளசி மாடம் வச்சிருக்காங்க. வயசான அம்மா ஒருத்தங்க கேட் கம்பிய புடிச்சுக்கிட்டு ஒரு கால கீழ தொங்கவிட்டு, தரைய கால்ல துழாவி, அப்புறம் அடுத்த கால இறக்குனாங்க. இத்தனைக்கும் அவங்க வீட்டு வாசல் அது.

இவ்ளோ உயரமா ஏன் கட்டினாங்கன்னு திட்டுறது ஈசி. ஆனா காரணம் இருக்கு. தண்ணி போய்ச் சேர்ற கால்வாயோட மட்டம் மேல இருக்கு, அது தான் வடிகாலோட அடிமட்டத்த முடிவு பண்ணுது, அதுக்குக் கீழ தோண்டினா தண்ணி போகாது. அடிமட்டம் அங்க நின்னுட்டா தேவையான ஆழத்துக்கு சுவர் மேல தான் வளரும். தட்டையான ஏரியா, நாலடி தோண்டினா ஊத்து வரும். வடிகால் போட்டவங்க தண்ணிக்கு சரியாத் தான் போட்டிருக்காங்க, மேல யாரு நடப்பாங்கன்னு அவங்கள யாரும் கேக்கல.

இன்னொன்னு டிரெய்லர். மெயின் ரோட்டு சிக்னல்ல நிக்க சோம்பேறித்தனப்பட்டு 40 அடி கண்டெய்னர் வண்டிங்க இந்தத் தெருவுக்குள்ள திரும்பி கால்வாய்க்கரை ரோட்டப் புடிக்கும். பெட்டி மட்டுமே 12.2 மீட்டர், முன்னாடி இழுக்குற வண்டி தனி. மூலை மனை காலியா கெடந்ததால வளைவு தானா பெருசாயிடுச்சு, வண்டி வேகத்த குறைக்காமயே திரும்புது. குடியிருப்புப் பகுதியில 30-க்கு மேல போகக் கூடாதுன்னு போலீஸ் 2023-ல அறிவிச்சது அந்த வளைவுக்குத் தெரியாது.

தெருவுல சக்கர நாற்காலி யூஸ் பண்ற ஒரு தம்பி இருக்காரு, மொபைல் சர்வீஸ் கடை வச்சிருக்காரு. முதல் டிராயிங்க அவர்ட்ட காட்டினப்போ பொறுமையா பார்த்துட்டு, "நல்லா தான் சார் இருக்கு, 1.8 போட்டுக்கீறீங்க, நான் எங்க ஏறுறது, எங்க எறங்குறதுன்னு மட்டும் காட்டுங்க"ன்னாரு. டிராயிங்ல அதுக்குப் பதில் இல்ல, ஏன்னா அது மேலேர்ந்து பார்க்குற டிராயிங், உயரமே கிடையாது.

முதல் டிராயிங் ஏன் போச்சு

எல்லா எடத்துலயும் ஒட்டுற டெம்ப்ளேட் ஒண்ணு எல்லா ஆபீஸ்லயும் இருக்கும். ரெண்டு பக்கம் 1.8, நடுவுல மிச்சம். 12 மீட்டர்ல 3.6 போனா 8.4 மீட்டர் வண்டிக்கு. கேட்டா விதிப்படி சரி. ஆனா 8.4-ங்கறது ரெண்டு லேனுக்கு அதிகம், மூணு லேனுக்குக் கம்மி, அந்த மிச்சத்துல லாரி நிக்கும், நிக்காத நேரத்துல டூவீலர் பறக்கும். ஸ்மால் பஸ்ஸும் தண்ணி லாரியும் எதிரெதிர போக 6 மீட்டர் போதும். அதனால கணக்க திருப்பிப் போட்டோம், முதல்ல நடக்கிறதுக்கு, அப்புறம் மரம், கரண்ட் பாக்ஸ், கடை, கடைசியா வண்டிக்கு.

அதவிட பெரிய பிரச்சனை, கிழக்குப் பக்கம் போட்ட அந்த 1.8-க்குள்ள வடிகால் 1.3 உக்காந்திருக்கு, மிச்ச அரை மீட்டர் 40 சென்டிமீட்டர் கீழ. தாள்ல ஒரே பட்டை, எடத்துல பெரிய படிக்கட்டு.

லெவல் எடுத்தது

அதனால டிராயிங்க நிறுத்திட்டு லெவல் எடுக்க, அதாவது எது எவ்ளோ உயரத்துல இருக்குன்னு அளக்கப் போனோம். பத்து பத்து மீட்டருக்கு ஒரு குறுக்குவெட்டு, ஒவ்வொண்ணுலயும் வீட்டுத் தரை, கேட்டு வாசல், வடிகால் மேல், வடிகால் அடி, ரோட்டோரம், ரோட்டு நடு. சாதாரணமா ரோட்டு வேலைக்கு நடு லெவலும் ஓர லெவலும் எடுத்தா முடிஞ்சுது, கேட்டு வாசல் லெவல் எடுக்கணும்னு சொன்னதுக்கு சர்வே பையன் எங்கள ஒரு மாதிரி பார்த்தான். லெவல் ஷீட்ல அந்தக் கேட்டு வாசல் வரிசை தான் கடைசியில எல்லாத்தையும் முடிவு பண்ணுச்சு.

மூணு விஷயம் தெரிஞ்சுது. மேற்குப் பக்கம் பழைய வீடுங்க, தரை ரோட்டு நடுவ விடக் கீழ, அதனால ரோட்ட ஒரு இன்ச் கூட ஏத்த முடியாது. ரெண்டாவது, தெற்குப் பாதியில வடிகால் தொடக்கம், அங்க வர்ற தண்ணி கம்மி, தேவைக்கு மேல ஆழம் இருக்கு, மேல கொஞ்சம் குறைக்க வழி இருக்கு. வடக்குப் பாதியில கால்வாய் பக்கத்துல, குறைக்கவே முடியாது. மூணாவது, 40 அடி ரோடு 40 அடி இல்ல, கோயில் படியும் ஒரு கடைத் திண்ணையும் வெளிய வந்ததால அங்க 10.2 மீட்டர் தான்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

ரோட்ட ஏத்தி வடிகாலுக்கு சமமாக்கிடலாம்னு ஒரு யோசனை மீட்டிங்ல வந்துச்சு, காண்ட்ராக்டருக்கு ரொம்பப் புடிச்ச யோசனை, ஏன்னா லோடு லோடா ஜல்லி. மேற்கு வீட்டுக்காரங்க வாசல்ல மழைத் தண்ணி நிக்கும்னு லெவல் ஷீட்ட காட்டினதும் அது அங்கயே முடிஞ்சுது.

வடிகால் சுவர வெட்டி இறக்குறது அடுத்தது. தெற்குப் பாதியில மட்டும் மூடிய எடுத்துட்டு சுவர 20 சென்டிமீட்டர் வரைக்கும் வெட்டி, கம்பிய வளைச்சுக் கட்டி, திரும்ப மூடி போடலாம்னு கணக்கு காட்டினோம். புதுசா கட்டினத உடைக்கவா சார்னு மாநகராட்சி ஆபீஸ்ல தயங்கினாங்க, ஆடிட்ல கேள்வி வருமேன்னு. அந்தத் தயக்கம் நியாயம் தான். தண்ணி அளவு கணக்க எழுத்துல குடுத்ததும் பள்ளிக்கு முன்னாடி இருக்குற துண்டுக்கு மட்டும் சரின்னாங்க. மிச்சம் அப்படியே.

மிச்ச எடத்துல கிழக்குப் பக்கத்துக்கு 1.8 கிடைக்காதுன்னு ஒத்துக்கிட்டு, அத எழுதியும் வச்சோம். வடிகால் மேலேயே 1.3 மீட்டர் தொடர்ச்சியான நடைபாதை, வீட்டுக்கு வீடு ஏறி இறங்காது. அதுக்கும் ரோட்டுக்கும் நடுவுல 1.2 மீட்டர் பட்டை, எல்லா வீட்டுச் சாய்தளமும் அந்தப் பட்டைக்குள்ள. அதாவது சாய்தளம் நடைபாதைய வெட்டாது, நடைபாதை தாண்டின அப்புறம் இறங்கும். 40 சென்டிமீட்டர் உயரத்துக்கு 1.2 மீட்டர் நீளம்னா டூவீலருக்கு ஓகே, காருக்குக் கஷ்டம். 1.3-ல ஒரு சக்கர நாற்காலி தாராளமா போகும், ரெண்டு எதிரெதிர வந்தா ஒருத்தர் நிக்கணும். அரை மீட்டர் கம்மி தான், ஆனா உடையாத 1.3, உடைஞ்ச 1.8-அ விட மேல்னு நாங்க நெனச்சோம், இப்பவும் அது தான் நெனப்பு.

மேற்குப் பக்கத்துக்கு முழு அளவு. வீட்டோரம் அரை மீட்டர் படிக்கும் ஷட்டருக்கும், நடக்க 1.8, அப்புறம் 1.2 பட்டையில புங்க மரம், லைட் கம்பம், கடை. உயரம் 15 சென்டிமீட்டர், வாசல் ரொம்பக் கீழ இருக்குற வீடுங்க முன்னாடி நடைபாதையவே சாய்ச்சு இறக்கியாச்சு. கிழக்கு 2.5, ரோடு 6, மேற்கு 3.5, மொத்தம் 12. கோயில் கிட்ட 10.2-ல கிழக்கு அப்படியே 2.5, ரோடு 5.5, மேற்குல 2.2 தான் மிச்சம், மரப்பட்டை போச்சு, 1.8 நின்னுச்சு. படிய இடிக்கணுமான்னு ஒரு பேச்சு வந்துச்சு. வேணாம்னோம், அம்மன் கோயில் படிய தொட்டா அப்புறம் ரோடு வேலை ரோடு வேலையா இருக்காது.

சாய்தளத்துல அதிகம் சண்டை போட்டவரு ஒரு கால் டாக்ஸி டிரைவர். கிழக்கு வீடு, வண்டிய உள்ள ஏத்துனா அடி தட்டும். "ஒரு நாளைக்கு நாலு தபா ஏத்தி எறக்குறேன் சார், சைலன்சர் நீங்க வாங்கித் தருவீங்களா"ன்னாரு. அவருக்கு மட்டும் சாய்தளத்த ரோட்டுக்குள்ள நீட்டினா நாளைக்கு எல்லாரும் நீட்டுவாங்க. அதனால அவர் வாசலுக்கு நேர் எதிர, மேற்குப் பட்டையும் ரோடும் சேர்ற எடத்துல ரெண்டு வண்டி நிக்க இடம் ஒதுக்கினோம், அந்த எடத்துல மரம் இல்ல. அவர் முழுசா சமாதானம் ஆகல.

மூலையில வளைவச் சுருக்கினோம், 6 மீட்டர் ஆரம். தண்ணி லாரி, குப்பை லாரி, தீயணைப்பு வண்டி திரும்பும், டிரெய்லர் திரும்பாது. சில பேர் இரும்பு கேட் மாதிரி உயரத் தடை போடச் சொன்னாங்க. தீயணைப்பு வண்டி வரணுமேன்னு அத மறுத்தோம், பக்கத்துல எவ்ளோ குடோன் இருக்குன்னு அவங்களுக்கே தெரியும்.

பள்ளிக்கு முன்னாடி ஸ்பீட் பிரேக்கர் கேட்டாங்க. ஐஆர்சி படி ஸ்பீட் பிரேக்கர்னா 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், 25-ல போனா குலுங்காம ஏறி இறங்கும். நம்ப தெருவுல போடுறது ஒரு முழ அகலத்துல மதில் மாதிரி ஒண்ணு, ஆட்டோல போற கர்ப்பிணிப் பொண்ணுக்குத் தான் தெரியும் அதோட அருமை. அதுக்குப் பதிலா ரோட்டையே 15 சென்டிமீட்டர் தூக்கி, மேற்கு நடைபாதை மட்டத்துக்கே மேடை மாதிரி கிராஸிங். பசங்க இறங்காமயே தாண்டலாம், வண்டி தான் ஏறணும். கிழக்குப் பக்கம் வடிகால வெட்டி இறக்கினதுக்கு அப்புறமும் அங்க 25 சென்டிமீட்டர் இருந்துச்சு, மேடை 15, மிச்சம் 10. ஒன்றுக்குப் பன்னெண்டு சாய்வுல 1.2 மீட்டர், சரியா அந்தப் பட்டைக்குள்ள அடங்கிடுச்சு. மொபைல் கடை தம்பி கேட்ட கேள்விக்குப் பதில் அங்க தான் கிடைச்சுது, தெருவுல அவர் ஏற இறங்க ஒரு எடமாவது படியில்லாம. வடக்குப் பாதியில வடிகால் 40-ல தான் இருக்கு, அங்க அதே சாய்வுக்கு கிட்டத்தட்ட 5 மீட்டர் வேணும், பட்டைக்குள்ளயே ரோட்டுக்கு இணையா நீட்டிப் போட்டோம், அதுக்காக ரெண்டு வீட்டுச் சாய்தளத்த ஒண்ணாக்கினோம்.

மீன் கடைங்க

இது தனியா சொல்லணும். ரேஷன் கடை மூலையில கிழக்குப் பக்கம் வடிகால் மேல உக்காந்து தான் மீன் விப்பாங்க, அந்த 40 சென்டிமீட்டர் அவங்களுக்கு அளவெடுத்துச் செஞ்ச திண்ணை, மேல உக்காந்து கீழ அருவாமணைய வச்சு வெட்டுவாங்க. காசிமேட்டுலேர்ந்து மீன்பாடி வண்டியில வர்ற கூடைய இறக்கவும் தோது. வடிகால் மேல நடைபாதைன்னா இவங்க எங்க போவாங்க? ஆபீஸ்ல ஒருத்தரு, காலி பண்ணிடலாமேன்னு சாதாரணமா சொன்னாரு. 2014 தெருவோர வியாபாரிகள் சட்டப்படி அப்படி எழுப்பி விட முடியாது, அது ஒரு பக்கம், தெருவுல பாதி வீட்டுக் கொழம்பு அந்த மூலையில தான் ஆரம்பிக்குது, அது இன்னொரு பக்கம்.

மேற்குப் பட்டையில எடம் குடுக்கலாம்னு கேட்டோம், முதல்ல முடியாதுன்னுட்டாங்க, வாடிக்கை எல்லாம் இந்தப் பக்கம்னு. அவங்கள்லயே மூத்த ஆயா ஒருத்தங்க தான் வெத்தலைய மென்னுக்கினே வெயில பார்த்துட்டு சொன்னாங்க, "இன்னா தம்பி, சாயங்காலம் மேக்கால தான நெழலு, இங்க ஆறு மணி வரைக்கும் தார்பாய் கட்டிகினு கீறோம், ஐஸு நிக்குதா, மீனு தான் வெந்துபூடுது." அது எங்க யாருக்கும் தோணல. மேற்கு வீடுங்களோட நிழல் மூணு மூணரைக்கெல்லாம் மேற்குப் பட்டையில விழுந்துடும். அதே கணக்குல காலையில இட்லி விக்கிற அக்காவுக்கு கிழக்கு தான் நிழல், அவங்க சாய்தளப் பட்டையில ஒரு காலி எடத்துலயே இருந்துட்டாங்க.

மேற்குல 40 சென்டிமீட்டர் திண்ணை கிடையாது, 15 தான். அதனால மரத்தொட்டியோட சுவர உக்கார்ற உயரத்துக்கு கிரானைட் போட்டு கட்டினோம். இன்னொரு முக்கியமான விஷயம் மீன் கழுவுற தண்ணி. அது மழைநீர் வடிகாலுக்குப் போனா செதிலும் கொழுப்பும் சேர்ந்து நாறும், அடைக்கும். ஒரு குழாயும், கம்பி வலை போட்ட சின்ன தொட்டியும் வச்சு கழிவுநீர் சேம்பருக்கு இணைக்கணும்னு டிராயிங்ல போட்டோம். குழாய் வந்துச்சு. இணைப்பு அந்தச் சமயம் வரல, அது வேற டிபார்ட்மென்ட்.

கட்டும்போது நடந்தது

ஏப்ரல்ல ஆரம்பிச்சு ஜூன்ல ஸ்கூல் திறக்குறதுக்குள்ள பள்ளி முன்னாடி துண்டு முடியணும்னு வச்சோம், முடிஞ்சுது. மிச்சம் செப்டம்பர் வரைக்கும் இழுத்துச்சு, பாதி காரணம் கரண்ட் பில்லர் பாக்ஸ். அத நகர்த்த பணம் கட்டி, எஸ்டிமேட் வாங்கி, ஷட்டவுன் வாங்கணும், அதுக்குள்ள ரோடு வேலையே முடிஞ்சுடும். அதனால நாலு பாக்ஸையும் நகர்த்தாம, அது மரப்பட்டையில வர்ற மாதிரி நடைபாதைய லேசா வளைச்சுக்கிட்டோம்.

கெர்ப் கல்லு, அதாவது நடைபாதையோட ஓரக் கல்லு, விஷயம் கவனிக்க வேண்டியது. மேற்குல 150 மில்லிமீட்டர்னு டிராயிங், காண்ட்ராக்டர் ஆளுங்க பழைய தாருலேர்ந்து அளந்து சரியா 150 வச்சாங்க. அதுக்கு அப்புறம் தான் தார் சுரண்டுற மெஷின் வந்துச்சு. 50 மில்லிமீட்டர் சுரண்டினதும் கெர்ப் 200 ஆயிடுச்சு, புது தார் 40 போட்டதும் 160. பத்து மில்லிமீட்டர் தானேன்னு விட்டுடலாம், விட்டாச்சு. ஆனா மேடை கிராஸிங்க புது தார் மட்டத்துலேர்ந்து 150 வச்சு தனியா கட்டியிருந்தாங்க, அதனால நடைபாதையும் மேடையும் சேர்ற எடத்துல ஒரு விரக்கடை படி வந்துச்சு. கண்ணுக்குத் தெரியாது. சக்கர நாற்காலியோட முன்சக்கரத்துக்குத் தெரியும். மொபைல் கடை தம்பி ஓட்டிப் பார்த்து சொன்ன அப்புறம் ரெண்டு வரிசை பேவர் பிளாக்க எடுத்து சாய்ச்சுப் போட்டாங்க. பேவர், நடக்கிற எடத்துல 60 மில்லி, சாய்தளத்துல 80.

திறந்த அப்புறம்

மூலைய சுருக்கின முதல் வாரமே ஒரு டிரெய்லர் பழைய ஞாபகத்துல திரும்பிட்டாரு. முன்னாடி வண்டி வந்துடுச்சு, பெட்டி வரல. பின்னாடியும் போக முடியல, மெயின் ரோட்டுல ஹாரன் கச்சேரி, நடைபாதை ஓரத்துல நட்ட குட்டைக் கம்பம் (பொலார்ட்) ரெண்டு சாஞ்சுது. தெருக்காரங்களே வண்டிகள நிறுத்தி அவர பின்னாடி எடுக்க வச்சாங்க. அப்புறம் மெயின் ரோட்டுல திருப்பத்துக்கு முன்னாடியே கனரக வாகனம் திரும்பக் கூடாதுன்னு போர்டு வந்துச்சு. போர்டு வந்தப்புறம் டிரெய்லர் கிட்டத்தட்ட நின்னுச்சு. லாரி செட்டுக்காரங்க வாட்ஸ்ஆப்புல ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிட்டது போர்ட விட வேகமா வேலை செஞ்சுதுன்னு மூலை டீக்கடைக்காரரு சொல்றாரு, இருக்கலாம்.

அக்டோபர் மழை. மேடை கிராஸிங்குக்கு மேல்பக்கம், அதாவது தண்ணி வர்ற பக்கம், கிழக்கு ஓரத்துல தண்ணி தேங்குச்சு. மேடை ரோட்டுக்குக் குறுக்க அணை மாதிரி நிக்குது, ஓரத்துல தண்ணி போக விட்ட கம்பி வலை சந்துல பிளாஸ்டிக் கவர், இலை, செதில் எல்லாம் வந்து அடைச்சுக்கிச்சு. கணுக்கால் தண்ணி தான், வீட்டுக்குள்ள போகல, ஆனா "முன்னாடி இப்டி நிக்காது"ன்னு பேச்சு கிளம்பிடுச்சு. மேடைக்கு மேல்பக்கம் வடிகாலுக்கு ரெண்டு புது இன்லெட் (ரோட்டுத் தண்ணி உள்ள போற வாய்) உடைச்சு விட்டாங்க, அடுத்த மழைக்கு நிக்கல. செதில் பிரச்சனை மட்டும் அந்தக் கழிவுநீர் இணைப்பு வந்தப்புறம் தான் தீர்ந்துச்சு, அது ஜனவரி.

மேற்கு நடைபாதை காலையில ஸ்கூல் பசங்களால நிறைஞ்சு போகுது. சாயங்காலம் மீன் கடை முன்னாடி வாங்குறவங்க நிக்கிறதால 1.8-ல பாதி போயிடும், அந்த ஒரு மணி நேரம் நடக்கிறவங்க கொஞ்சம் ரோட்டுல இறங்குறாங்க. கடைப் பட்டைக்குப் போட்ட கணக்குல விக்கிறவங்க இருந்தாங்க, வாங்குறவங்க நிக்கிற எடம் இல்ல. கிழக்கு வடிகால் மேல நடக்கிறவங்க கம்மி தான், ஆனா ராத்திரி சாப்பிட்டுட்டு பெரியவங்க அங்க உக்காந்து பேசுறாங்க, காலையில அந்த வயசான அம்மா இப்ப தெரு முனை வரைக்கும் மேலேயே போறாங்க, இறங்குறது பள்ளி சாய்தளத்துல.

மூணு வீட்டுக்காரங்க சாய்தளத்த திரும்ப ரோட்டுக்குள்ள நீட்டிட்டாங்க, ராத்திரியோட ராத்திரியா சிமென்ட் கலந்து. டாக்ஸி டிரைவர் வீடு அந்த மூணுல இல்ல, அவர் எதிர்ப்பக்கம் நிறுத்தப் பழகிட்டாரு, எங்கள பார்த்தா இன்னும் மொறைக்கிறாரு. நீட்டினத இடிக்க நோட்டீஸ் போயிருக்கு, இன்னும் இடிக்கல.

அடுத்த தெருவுக்கு மாத்தினது

பக்கத்துத் தெரு ஒண்ணுக்கு இதே வேலை வந்திருக்கு, 30 அடி ரோடு. அங்க டெம்ப்ளேட்ட திறக்குறதுக்கு முன்னாடி கேட்டு வாசல் லெவல் ஷீட் கேட்டு வாங்கியாச்சு. அந்தத் தெருவுல வடிகால் இன்னும் கட்டல, அதனால வடிகால் டிராயிங்கையும் ரோடு டிராயிங்கையும் ஒரே மேஜையில போட்டு, மேல்மட்டம் ரோட்டோரத்துலேர்ந்து 15-அ தாண்டாம இருக்க வடிகால அகலமா, ஆழம் கம்மியா போட முடியுமான்னு பார்த்துக்கிட்டிருக்கோம். கணக்குப்படி தெருவோட முக்கால் தூரத்துக்கு முடியுது, கால்வாய் கிட்ட முடியல.

தார் சுரண்டுனதுக்கு அப்புறம் தான் கெர்ப்னு டெண்டர்லயே வரிசையா எழுதியாச்சு. கனரக வாகன போர்டு, மூலைய சுருக்குறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி. மேடை கிராஸிங் எங்க வருதோ அதுக்கு மேல்பக்கம் இன்லெட் கட்டாயம். கடைப் பட்டைக்குப் பின்னாடி வாங்குறவங்களுக்கு முக்கால் மீட்டர் தனி. 30 அடியில அதுக்கு எடம் இருக்கான்னா, ஒரு பக்கம் பார்க்கிங்க முழுசா எடுத்தா இருக்கு. அதுக்கான மீட்டிங் அடுத்த மாசம் வச்சிருக்காங்க.